ஒளிபரப்பாகாத கைதட்டல்

வெள்ளேரி நகர் மூன்றாவது குறுக்குத் தெருவில் கைதட்டல் முதன்முதலாக விழுந்தது ஒரு புதன்கிழமை காலையில், தண்ணீர் லாரி வந்து நின்று, பொம்பளைகள் எல்லாரும் குடத்தோடு இடித்துக்கொண்டு நிற்கும்போது, கடைசி வீட்டுப் பாக்கியம் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு குடத்தை ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் தூக்கிக்கொண்டு படியேறித் திரும்பி நின்ற அந்த நேரத்தில்தான். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. மழை விழுகிற மாதிரி விழுந்தது. நூறு பேர் உட்கார்ந்து தட்டுகிற கைதட்டல், சின்னதாக ஆரம்பித்து, பெரிதாகி, பிறகு வெட்டினாற்போல நின்றது. பாக்கியம் பயந்துபோய்க் குடத்தைப் போட்டுவிட்டாள். சிந்தாமல் கொண்டுவந்த தண்ணீர் முழுவதும் படிக்கட்டில் ஓடித் தெருவுக்கு வந்தது. அதற்கு நூறு பேர் சேர்ந்து “அச்சச்சோ” என்று சொன்னது கேட்டது.

லாரிக்காரர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். “நேரமாவுதுமா, அடுத்த ஆளு வாங்க” என்றார்.

வரிசையில் நான்காவதாக நின்ற அஞ்சுகம் மட்டும் குடத்தைக் கீழே வைத்தாள். கைதட்டல் ஓய்கிற கடைசியில் இரண்டு கண்ணாடி வளையல் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம் வந்ததை அவள் கேட்டிருந்தாள். தன் கையைப் பார்த்தாள். இரண்டு பச்சை வளையல், கல்யாணமான புதிதில் போட்டது, கை பருத்துப்போய்க் கழற்ற முடியாமல் அப்படியே தங்கிவிட்டது.

“எஸ்தரு,” என்றாள் பக்கத்தில் நின்றவளிடம், “இது நம்ம கை.”

எஸ்தர் குடத்தை மாற்றி வைத்துக்கொண்டாள். “ஆமா, நம்ம ஸ்டாக்குதான். இப்பவாவது வந்துச்சே. நீ நகரு, பின்னாடி இடிக்கறாங்க.”

இது என்ன என்று விளங்க வேண்டுமானால் அவர்கள் பார்த்த வேலையைச் சொல்ல வேண்டும். தொலைக்காட்சிப் போட்டிகளில் பாடுகிறவர் பாடி முடித்ததும் கேமரா அந்தப் பக்கம் திரும்புமே, வரிசையாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டே கைதட்டுகிற பொம்பளைகள், அவர்களில் பாதிப் பேர் வெள்ளேரி நகர்க்காரர்கள். ஏஜென்ட் கஜா காலையில் வேனோடு வந்து ஆரன் அடிப்பான். வெள்ளைச் சேலை கூடாது, கறுப்பு கூடாது, பொடிக்கட்டம் போட்டது கூடவே கூடாது, கேமராவில் பூச்சி பறக்கிற மாதிரித் தெரியுமாம். மத்தியானம் ஒரு சாம்பார் சாதப் பொட்டலம், சாயந்திரம் கையில் கூலி. அஞ்சுகம் ஏழு வருடமாகப் போகிறாள். அவள் புருஷன் தணிகாசலத்துக்கு ஒரு அடுக்குமாடி வாசலில் காவல் வேலை. வீட்டு விவகாரம் எதைக் கேட்டாலும் “அவளைக் கேளு” என்பார், அதோடு அவர் வேலை முடிந்தது. ஆகவே கவலைப்படுவது முழுக்க அஞ்சுகத்தின் பொறுப்பாயிற்று. கேஸ் மூடினோமா, கொடியில் துணி எடுத்தோமா, ஏன் பல்லி கத்துகிறது, ஏன் பல்லி கத்தவில்லை என்று எல்லாவற்றுக்கும் அவளே கவலைப்பட்டாள்.

புதிதாக வரப்போகிற போட்டிகள் எல்லாம் ஊருக்குத் தெரிவதற்கு வெகு முன்பே மூன்றாவது குறுக்குத் தெருவுக்குத் தெரிந்துவிடும். கண்ணைக் கட்டிக்கொண்டு பிரியாணி வைக்கிற போட்டி, புருஷனும் பெண்டாட்டியும் ஒரே சட்டைக்குள் கையை விட்டுக்கொண்டு சப்பாத்தி தேய்க்கிற போட்டி, பாடப்பாடத் தரை சாய்ந்துகொண்டே போக விழாமல் பாடி முடிக்க வேண்டிய போட்டி, பதில் தப்பானால் தலைமேல் மாவு கொட்டுகிற போட்டி. வேனை விட்டு இறங்கியதும் தெருவே சூழ்ந்துகொண்டு “இன்னைக்கு என்னா புதுசு” என்று கேட்கும். எஸ்தர் நடித்துக் காட்டுவாள். அஞ்சுகம், “அந்தச் சாய்ற தரையில நின்ன பொண்ணுக்கு நாளைக்கு முட்டி புடிச்சுக்கும், பாவம், ஒருத்தரும் அதை யோசிக்கல” என்று தன் பங்குக்குச் சொல்வாள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் அவர்களை அழைத்துப்போனது ‘தட்டினா தங்கம்’ என்கிற புது நிகழ்ச்சிக்கு. வெளிநாட்டில் ஓடுகிற போட்டியாம், உரிமை வாங்கி வந்திருந்தார்கள். ஒரு வீட்டுச் சண்டையின் இரண்டு தரப்பும் எதிரெதிராகக் கண்ணாடிக் கூண்டில் நின்று தன் தன் நியாயத்தைச் சொல்ல வேண்டும். யாருக்குக் கைதட்டல் அதிகமோ அவர் பக்கம் முள் சாயும், அவர் காலடியில் தங்கக் காசு கொட்டும். மேடை இன்னும் கட்டி முடியவில்லை, ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன்பே கைதட்டலை எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம் என்று காலி மேடையைப் பார்த்து இவர்களைத் தட்டச் சொன்னார்கள். ஸ்டாக்கு எடுப்பது என்று அதற்குப் பேர்.

“எதுக்குத் தம்பி தட்டுறோம்?” என்று அஞ்சுகம் கேட்டாள்.

“யாரோ நல்லாப் பேசிட்டாங்கன்னு நெனச்சுக்கங்கமா.”

“என்னா பேசினாங்க?”

“அது இனிமேதாம்மா எழுதணும்.”

சின்னக் கைதட்டல், பெரிய கைதட்டல், எழுந்து நின்று தட்டுவது, சிரிப்பு, அச்சச்சோ எல்லாம் எடுத்தார்கள். வளையலைக் கழற்றச் சொன்னார்கள், அஞ்சுகத்தின் வளையல் மட்டும் வரவில்லை, போகட்டும் என்று விட்டார்கள். கடைசியாகச் சவுண்டுக்காரர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, “இப்ப சும்மா எடுக்கறோம்மா” என்றார். சும்மா என்றால் சத்தமில்லாத சத்தம். நூறு பேர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் அந்த இடத்துக்கு என்று ஒரு சத்தம் உண்டாம், அதுவும் வேண்டுமாம். “மூச்சு விடலாம், பேசக்கூடாது. யாரோ ஒருத்தங்க ரொம்ப நாளா சொல்லாததைச் சொல்றாங்க, நீங்க கேக்கற மாதிரி உக்காருங்க.” சும்மா இருப்பதற்கும் சம்பளமா என்று எஸ்தர் கிசுகிசுத்தாள். உட்கார்ந்தார்கள். கேட்கிற மாதிரி கொஞ்ச நேரம் போனதும் அஞ்சுகத்துக்கு இருமல் வந்துவிட்டது.

“யாரும்மா அது? பரவால்ல, திரும்பப் போலாம்.”

திரும்பவும் உட்கார்ந்தார்கள், திரும்பவும் இருமினாள். அவள் அடக்க அடக்க அது தொண்டைக்குள் புரண்டு சரியான நேரம் பார்த்து வெளியே வந்தது. வேண்டுமென்றா செய்வாள். அன்று காலை வேன் ஆரன் அடித்துக்கொண்டிருந்தபோது அவள் மகள் மோனிஷா சமையலறை வாசலில் வந்து நின்று, “அம்மா, ஒண்ணு சொல்லணும்” என்றிருந்தாள். தலை ஆடிக்கென்று அவளை முந்தின நாள்தான் புருஷன் வீட்டிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். “வந்து கேக்கறேன், வேன் நிக்குது பாரு” என்று அஞ்சுகம் செருப்பை மாட்டினாள். கேட்கிற மாதிரி உட்காருங்கள் என்றதும் அந்த முகம்தான் முன்னால் வந்து நின்றது, அதைப் பார்க்கப் பார்க்க இருமல் வந்தது. பொட்டலச் சாதம் ஆறிப்போகிற அளவுக்கு அவளால் நேரமாயிற்று. எல்லாரும் திட்டினார்கள். கடைசியில் எப்படியோ, “ஓகேம்மா, வந்துருச்சு. எல்லாரும் எந்திரிக்கலாம்” என்றார் சவுண்டுக்காரர்.

பிறகு அந்த நிகழ்ச்சி வரவேயில்லை. விளம்பரக்காரர்கள் பின்வாங்கிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு, உரிமைக்காரர்களோடு தகராறு என்று ஒரு பேச்சு. மேடைப் பலகையைப் பிரித்து ஒரு சமையல் போட்டிக்கு எடுத்துக்கொண்டார்கள், கண்ணாடிக் கூண்டை மேக்கப் அறைக்குப் போட்டுக்கொண்டார்கள். கைதட்டலை மட்டும் யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளவில்லை. எதற்கென்று தெரியாமலே தட்டிய கைதட்டல் அது. விழுவதற்கு ஒரு இடம் இல்லாமல் கொஞ்ச நாள் எங்கெங்கோ சுற்றிவிட்டு, தட்டிய கைகளைத் தேடிக்கொண்டு மூன்றாவது குறுக்குத் தெருவுக்கு வந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

முதல் இரண்டு நாள் தெரு பயந்தது. கேபிள்காரர் வந்து கம்பங்களில் ஏறிப் பார்த்து, தன் லைனில் கோளாறு இல்லை என்று சொல்லி இறங்கினார். இறங்கியதற்குச் சின்னக் கைதட்டல் விழுந்தது, வெட்கப்பட்டுக்கொண்டே வண்டியை எடுத்தார். எல்லையம்மன் கோயில் பூசாரி எலுமிச்சம்பழம் நறுக்கிப் போட்டார். அதற்குப் பெரிய கைதட்டல் விழுந்தது, அதிலிருந்து தினமும் ஒரு பழம் நறுக்கிப் போட அவரே வந்தார். விசாரிக்க வந்த போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தபோது நூறு பேர் சிரித்தார்கள், அவர் மட்டும் பிறகு வரவில்லை.

மூன்றாம் நாளிலிருந்து பயம் போய்ப் பழக்கம் வந்தது. சாப்பிட மாட்டேன் என்று படுத்துகிற குழந்தைகளை வாசலில் உட்கார வைத்து ஊட்டினால் ஒவ்வொரு வாய்க்கும் கைதட்டல் விழுந்து சோறு இறங்கியது. முக்குக்கடை மாஸ்டர் டீயை முன்னைவிட ஒரு முழம் உயரத்திலிருந்து ஆற்றினார். கோதண்டம் என்கிறவர் “இன்னையோட குடியை விட்டுட்டேன்” என்று தெருநடுவில் நின்று சொல்ல, எழுந்து நின்று தட்டுகிற கைதட்டல் விழுந்தது. மறுநாளும் அதைச் சொல்வதற்காகவே அன்று சாயந்திரம் குடித்தார். காய்கறி வண்டிக்காரர்கள் வேறு தெருவுக்குப் போக மறுத்தார்கள். கத்தரிக்காயைத் தராசில் போட்டுவிட்டுக் கையை விரித்து நின்றால் அவர்களுக்கும் ஏதாவது விழுந்தது.

அது எப்போது விழும் என்பதும் பழகப் பழகத் தெரிந்துவிட்டது. ஒரு ஆள் பேச்சை உயர்த்திக்கொண்டு போய்ச் சட்டென்று நிறுத்தினால் அந்த நிறுத்தத்தில் விழும். என்ன சொன்னார் என்பது அதற்குக் கணக்கே இல்லை. இதை எஸ்தரும் அஞ்சுகமும் மற்ற வேன்காரப் பொம்பளைகளும் முதல் நாளே அறிவார்கள், ஏனென்றால் ஸ்டூடியோவிலும் அப்படித்தான். கொஞ்ச நாளில் தெரு முழுக்க நிறுத்தி நிறுத்திப் பேசக் கற்றுக்கொண்டது. “இன்னைக்கு எங்க வூட்ல.” நிறுத்தம். “வெண்டிக்கா பொரியல்.” கைதட்டல்.

அப்புறம் ஒரு சாக்கடைத் தகராறு வந்தது. இரண்டு வீட்டுக்கு நடுவே ஓடுகிற கழிவுத் தண்ணீர் யாருடையது என்று வருடக்கணக்காக நடக்கிற சண்டை. குடியிருப்போர் சங்கத் தலைவர் வேலாயுதம், ரேஷன் கடையில் எடை போட்டு ஓய்வு பெற்றவர், இரண்டு பேரையும் எதிரெதிராக நிறுத்தி, “பேசுங்க, யாருக்கு விழுதோ அவங்க பக்கம் நியாயம்” என்றார். நன்றாகப் பேசத் தெரிந்த பட்டாபிக்கு விழுந்தது. எதிர்வீட்டுக்காரர் திக்கித் திக்கிப் பேசினார், அவருக்குச் சிரிப்புதான் விழுந்தது. மறுநாளே அவர் வீட்டு வழியாகக் குழாய் போட்டார்கள். அதற்குப் பிறகு தெருவில் எந்த வழக்கையும் அப்படியே தீர்த்தார்கள். தண்ணீர் முறை, வண்டி நிறுத்துகிற இடம், அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை எல்லாம் கைதட்டலுக்குப் போயிற்று. இத்தனை சுளுவாக நியாயம் கிடைக்கிற தெரு இந்த வட்டாரத்தில் இல்லை என்று வேலாயுதம் சொல்லி நிறுத்துவார். அதற்கும் விழும்.

அஞ்சுகத்துக்கு உள்ளூரப் பெருமைதான். ஒவ்வொரு கைதட்டலின் கடைசியிலும் தன் பச்சை வளையல் கிணுங்குவது அவளுக்கு மட்டும் கேட்டது. ஏழு வருடம் தட்டி டிவியில் இரண்டு தடவைதான் முகம் வந்திருக்கிறது, அதுவும் பாதி முகம். இப்போது தெருவுக்கே அவள் கை தேவைப்பட்டது.

மோனிஷாதான் சரியாக இல்லை. கைதட்டல் விழும்போதெல்லாம் அந்தப் பெண் தோளைக் குறுக்கிக்கொண்டு எழுந்துபோய்க் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டாள். லாரித் தண்ணீர் இப்படியா வீணாகும் என்று அஞ்சுகம் கதவைத் தட்டுவாள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும் பார்த்தாள். “ஊரே சந்தோசமாக் கேக்குது, உனக்கு மட்டும் என்னாடி?” என்றாள். “ஒண்ணுமில்லம்மா” என்று பதில் வந்தது.

ஆடி கழிந்து ஆவணி போய்ப் புரட்டாசி பிறந்துவிட்டது. தலை ஆடிக்கு வந்த பெண் ஆவணி முதல் வாரத்தில் திரும்புவதுதானே வழக்கம். “மாப்பிளைக்கு டிரெயினிங்கு, வெளியூரு போயிருக்காரு” என்று அஞ்சுகம் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். கேட்காதவர்களுக்கும் சொன்னாள். மகளிடம் மட்டும் அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். வட்டிக்கு வாங்கி நடத்திய கல்யாணம், ஊருக்கு முன்னால் வாழாமல் வந்தவள் என்கிற பேர், தணிகாசலத்தின் நெஞ்சுவலி, இது எல்லாவற்றையும் அவள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தாள். ஒரு கேள்வியைத் தொட்டால் மொத்தமும் சரிந்துவிடுகிற மாதிரி இருந்தது. அந்தப் பெண்ணும் அன்று வேன் நின்ற காலையில் சொல்ல வந்ததை மறுபடி சொல்ல வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் மாப்பிள்ளை ஜெகதீஷும் அவன் அம்மா சகுந்தலாவும் தட்டில் பழம், பூ, ஒரு புதுச் சேலை வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். ஜெகதீஷ் செல்போன் கடையில் விற்கிறவன். சாதாரணப் போனுக்கு வந்தவனை விலையுயர்ந்த போனோடு அனுப்பி, அதற்காக நன்றியும் சொல்ல வைப்பான் என்று பேர். இந்தத் தெருவின் வழக்கம் அவனுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. “வீட்டுக்குள்ள எதுக்கு அத்தை, நாலு பேரு முன்னாடியே பேசிருவோம்” என்றான்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். தெரு கூடிவிட்டது. வேன்காரப் பொம்பளைகள் வழக்கம்போல முன்வரிசை. வேலாயுதம் தொண்டையைச் செருமி, “பையன் முதல்ல பேசட்டும், அப்புறம் பொண்ணு. விழுறதைப் பாத்து முடிவு பண்ணிக்கலாம். இதுல யாருக்கும் வருத்தம் கூடாது” என்றார். மோனிஷா அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அஞ்சுகத்துக்கு அவள் மூச்சு மட்டும் கேட்டது.

ஜெகதீஷ் சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தான்.

“நான் தப்பே பண்ணலன்னு சொல்லல.” நிறுத்தினான். சின்னக் கைதட்டல் விழுந்தது.

“புதுசாக் கட்டின பொண்டாட்டிக்கு ஒண்ணு ரெண்டு சொல்லிக் குடுக்கணும்னு நெனச்சேன். அது தப்புன்னா.” நிறுத்தினான். “மன்னிச்சிருங்க.” பெரிய கைதட்டல்.

“எங்க வீட்டு விளக்கு அணைஞ்சு கெடக்குது அத்தை. ஏத்த வேண்டியவ உங்க வீட்ல இருக்கா.”

எழுந்து நின்று தட்டுகிற கைதட்டல் விழுந்தது. அதுவரை அந்தத் தெரு கேட்காத அளவுக்குப் பெரிது. தொட்டியின் தகரமூடி அதிர்ந்தது, காக்கைகள் எழுந்து பறந்தன. “டிவில பேசற மாதிரிப் பேசறான்யா” என்று டீக்கடை மாஸ்டர் சொன்னார். சகுந்தலா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். ஓய்கிற கடைசியில் அஞ்சுகத்துக்கு வளையல் கிணுங்குவது கேட்டது. அவள் கை மடியில்தான் இருந்தது. ஆனாலும் அவள் கை அவனுக்குத் தட்டிக்கொண்டிருந்தது.

“இப்ப பொண்ணு” என்றார் வேலாயுதம்.

மோனிஷா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை.

“சத்தமா, கண்ணு. நிறுத்திச் சொல்லு” என்று எஸ்தர் எடுத்துக்கொடுத்தாள்.

“எனக்கு அப்படிப் பேச வராதுக்கா. அவரு அடிச்சதெல்லாம் இல்ல, ஆனா…”

“அடிக்கல. அதை அதுவே சொல்லிருச்சே. அப்புறம் என்னாம்மா?” என்று கோதண்டம் கேட்டு நிறுத்தினார். நூறு பேர் சிரித்தார்கள். எஸ்தரின் சிரிப்பு, பாக்கியத்தின் சிரிப்பு, அஞ்சுகத்தின் சிரிப்பு எல்லாம் அதில் இருந்தது. மோனிஷா வாயை மூடிக்கொண்டாள்.

வேலாயுதம் அஞ்சுகத்தின் பக்கம் திரும்பினார். “பாத்துட்டீங்க. இதுக்கு மேல நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. நல்ல நேரம் இருக்கும்போதே அனுப்பி வெச்சிருவோமா?”

அஞ்சுகம் தணிகாசலத்தைப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரே பார்த்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் அடுக்கி வைத்தது எதுவும் சரியாது, டிரெயினிங் முடிந்து மாப்பிள்ளை வந்து கூட்டிப்போனார் என்று நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். சொல்வதற்கு வாயைத் திறந்தாள்.

அப்போது அது விழுந்தது. கைதட்டலும் இல்லை, சிரிப்பும் இல்லை. முதலில் யாருக்கும் எதுவும் விழுந்ததாகவே தெரியவில்லை. பிறகு மாவு மில் ஓடுகிற சத்தம் கேட்கவில்லை என்பது தெரிந்தது, அப்புறம் மெயின்ரோட்டு லாரிகள், அப்புறம் பறந்துகொண்டிருந்த காக்கைகள். நூறு பேர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. முன்வரிசையில் எஸ்தர் முதுகை நிமிர்த்தி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். அவளைப் பார்த்துப் பாக்கியம், அவளைப் பார்த்து மற்றவர்கள், அன்று உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்தார்கள். எல்லாவற்றிலும் கடைசியாக, யாருக்கும் நினைவில்லாமல் மிச்சமிருந்த அந்தச் சும்மா வந்து சேர்ந்திருந்தது.

அஞ்சுகத்துக்குச் சவுண்டுக்காரர் அன்று சொன்னது நினைவு வந்தது. யாரோ ஒருத்தங்க ரொம்ப நாளா சொல்லாததைச் சொல்றாங்க. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, தெருவுக்கு முதுகைக் காட்டி, மகளைப் பார்த்து உட்கார்ந்தாள்.

மோனிஷா அவளைப் பார்த்தாள். பிறகு, உயர்த்தாமலும் நிறுத்தாமலும், தரையில் தண்ணீர் ஓடுகிற மாதிரி பேசினாள்.

“அடிச்சிருந்தா காட்டியிருப்பேம்மா. சாம்பார்ல உப்பு கம்மின்னா, சட்டை இஸ்திரி சரியில்லன்னா, போனை எடுக்க லேட்டாச்சுன்னா, சமையக்கட்டுல நிக்க வெச்சு மன்னிப்புக் கேக்கச் சொல்லுவாரு, கேட்டா கொரல் சரியில்ல திரும்பச் சொல்லும்பாரு, சொன்னா மனசுலேர்ந்து வரல திரும்பச் சொல்லும்பாரு, அவங்கம்மா சீரியல் பாத்துக்கினே உக்காந்திருப்பாங்க, கால் மரத்துப்போயி செவுத்தைப் புடிச்சா செவுத்தை வுட்டுட்டுச் சொல்லும்பாரு, அழுதா அழுகைய நிறுத்திட்டுச் சொல்லும்பாரு, கடைசில அவருக்குப் புடிச்ச மாதிரி எப்பவாவது வந்துச்சுன்னா…”

இருமல் கேட்டது. எல்லாரும் அஞ்சுகத்தைப் பார்த்தார்கள். அவள் இருமவில்லை, அவள் வாய் மூடியிருந்தது. “யாரும்மா அது? பரவால்ல, திரும்பப் போலாம்” என்று மேலே எங்கிருந்தோ ஒரு ஆம்பளைக் குரல் சொன்னது. சும்மா மறுபடி ஆரம்பித்தது.

“கை தட்டுவாரு” என்றாள் மோனிஷா. “மெதுவா, ஒண்ணொண்ணா. நல்லா இருந்துச்சு, போய்ப் படுன்னுவாரு. இங்க இது விழ ஆரம்பிச்சதுலேர்ந்து நான் தூங்கலம்மா. எல்லாரும் அவருக்காகத் தட்டற மாதிரியே இருக்குது.”

ஜெகதீஷ் குறுக்கே பேச வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. அவள் இன்னும் சொன்னாள். அவன் போட்ட கணக்கில் ஒரு நாளைக்கு எத்தனை தப்பு என்று சொன்னாள், கல்யாணத்துக்கு முன்பு பாடிக்கொண்டிருந்த தன் குரலே இப்போது தனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னாள், ஆடிக்கு அழைக்க வந்த அன்று அப்பாவின் சைக்கிள் மணியைக் கேட்டதும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சொன்னாள். தணிகாசலம் செருப்பிலிருந்து பார்வையை எடுத்தார். நடு நடுவே இருமல் வந்தது, பரவால்ல போலாம் என்று குரல் வந்தது, சும்மா நீண்டுகொண்டே போயிற்று. அன்று அஞ்சுகம் இருமாமல் இருந்திருந்தால் அது ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

பிறகு அந்தக் குரல், “ஓகேம்மா, வந்துருச்சு. எல்லாரும் எந்திரிக்கலாம்” என்றது.

தெரு எழுந்தது. வேன்காரப் பொம்பளைகள் பழக்கத்தில் எழுந்தார்கள், மற்றவர்கள் அவர்களைப் பார்த்து எழுந்தார்கள், சகுந்தலாவும் எழுந்தாள். மாவு மில் ஓட ஆரம்பித்தது. ஜெகதீஷ் கையை விரித்து, “இது ஒரு பக்கத்துப் பேச்சு. என் பக்கம்னு ஒண்ணு இருக்குல்ல” என்று சொல்லி நிறுத்தினான். நிறுத்தத்தில் எதுவும் விழவில்லை. இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தான். ஸ்டாக்கு தீர்ந்துபோயிருந்தது. யாரோ குடத்தை நகர்த்தும் சத்தம்தான் வந்தது.

“சம்மந்தியம்மா,” என்றாள் அஞ்சுகம், திரும்பாமலே. “தட்டை எடுத்துக்கினு போங்க. சேலையும் அதுலயே இருக்குது, பாத்துக்கங்க.”

“இவ்ளோ பேரு முன்னாடி என்னா பேச்சு இது” என்றாள் சகுந்தலா.

“உங்க பையன்தான் நாலு பேரு முன்னாடின்னு கேட்டுச்சு” என்றாள் எஸ்தர். தட்டை எடுத்து அவள் கையில் வைத்தாள், உருண்ட ஆப்பிளையும் பொறுக்கி மேலே வைத்தாள்.

வேலாயுதம் எதையாவது சொல்லி முடித்து வைக்கலாமா என்று பார்த்தார். யாரும் அவர் பக்கம் பார்க்கவில்லை. வெயில் ஏறிவிட்டது. ஒவ்வொருவராக நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தணிகாசலம் உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து மகளிடம் கொடுத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றார்.

எந்திரிக்கலாம் என்று சொன்ன பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தது அஞ்சுகம் ஒருத்திதான். எதிரே கிடந்த நாற்காலியை இழுத்து மகளை உட்கார வைத்தாள். பச்சை வளையல் இரண்டையும் முடிந்த மட்டும் மேலே ஏற்றி, இடிக்காத மாதிரி இறுக்கிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“இன்னும் இருந்தா சொல்லு,” என்றாள்.